ஓடுது, ஆனால் சரியா ஓடுதா? ஓவர்குளொக்கிங்கின் ஒரு சின்ன வரலாறு

போன வருடம் நாங்கள் ஒரு பழைய அச்சுக்கோப்பாளரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தோம். ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அடுக்கி, நோட்டீசும் கலியாணக் கார்ட்டும் புத்தகமும் அடித்த காலத்து மனுசன். இரண்டு மணித்தியாலம் கதைத்தார். கோப்பு பெரிது என்பதால் எங்கட மேசைக் கணினியில் அதைச் சுருக்கிப் பொதியாக்கி வைத்துவிட்டு, இடம் காணாது என்று மூலக் கோப்பை அழித்துவிட்டோம். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் ஒரு மணி 12 நிமிடம் வரைக்கும் அவருடைய குரல் இருந்தது. அதுக்குப் பிறகு ஒன்றுமில்லை. கோப்பு பழுதடைந்துவிட்டது என்று மட்டும் கணினி சொன்னது. வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தோம். அங்கேயும் அதே இடத்தில்தான் நின்றது. அப்படியென்றால் வாசிக்கிற கணினியில் பிழையில்லை, எழுதும்போதே பிழையாக எழுதுப்பட்டிருக்கிறது.

ஹார்ட் டிஸ்கைச் சந்தேகித்தோம். வைரஸைச் சந்தேகித்தோம். விண்டோஸைத் திட்டினோம். கடைசியில் எங்களில் ஒருவர் பயோஸுக்குள் போய்ப் பார்த்தார். அது செக்கன்ட் ஹாண்டாக வாங்கிய கணினி. கூடினது 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை போகும்படி செய்யப்பட்ட நான்காம் தலைமுறை ஐ7 புரோசெசர். அதை முன்பு வைத்திருந்தவர் எல்லாக் கோர்களையும் 4.7இல் ஓட விட்டிருக்கிறார். விற்கேக்க ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இவ்வளவு நாளும் அந்தக் கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் படம் பார்த்தோம், கட்டுரை எழுதினோம், போஸ்டர் வடிவமைத்தோம். எப்போதாவது ஒருநாள் நீலத்திரை வரும், திரும்பப் போட்டால் சரியாகிவிடும். ஓடிக்கொண்டே அது பிழை விட்டிருக்கிறது. ஒரு கணினி ஓடுவதும் சரியாகக் கணிப்பதும் ஒன்றல்ல என்பதை ஓவர்குளொக் செய்தவர்கள் நாற்பது வருடமாகப் பட்டுப் பட்டுத்தான் அறிந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

மணி முந்தி அடித்தால்

புரோசெசர் ஒரு துடிப்புக்கு வேலை செய்கிறது. 4 கிகாஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனுக்கு 400 கோடித் துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் மின்சமிக்ஞை பல டிரான்சிஸ்டர்களைத் தாண்டி, விடையாகப் போய்ச் சேர வேண்டும். அடுத்த துடிப்பு வந்ததும் அங்கே இருப்பது எதுவோ அதுவே விடையென்று பதியப்படும்.

பரீட்சை மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மணி அடித்ததும் தாளைப் பறிக்கிறார்கள். பத்து நிமிடம் முந்தி அடித்தால் கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் எழுதி முடித்திருக்கும். இன்னொரு பிள்ளையின் கடைசி விடை அரைகுறையாய்ப் போகும். புரோசெசரில் நடப்பதும் இதுதான். ஒரு வித்தியாசம், தன்னுடைய விடை அரைகுறை என்று புரோசெசருக்குத் தெரியாது. அந்தப் பிழையை வைத்துக்கொண்டே அடுத்த கணக்கைத் தொடங்கிவிடும்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாக மாறும், விடை நேரத்துக்கு வந்து சேரும். அதுக்கு விலை வெப்பம். இயங்கும்போது செலவாகும் மின்வலு வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகவும் கூடும். வோல்ட்டேஜை 10 வீதம் கூட்டினால் வேகத்தைத் தொடாமலே செலவு 21 வீதம் ஏறும். சூடு ஏறினால் சமிக்ஞை திரும்பவும் சுணங்கும். இந்த வளையத்துக்குள்தான் ஓவர்குளொக் செய்பவர் எல்லாரும் மாட்டுப்படுகிறார்கள்.

பிறகு எப்படி அட்டையில் போட்டிருப்பதைவிட வேகமாக ஓட முடிகிறது? ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டிய சில்லுகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. தொழிற்சாலையில் சோதித்து வேகவாரியாகப் பிரிக்கிறார்கள். அதோடு வெக்கையான அறை, தரம் குறைந்த பவர் சப்ளை, வருடக்கணக்கில் வரும் தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் இடைவெளி விடுகிறார்கள். ஓவர்குளொக் செய்வது அந்த இடைவெளியைச் செலவழிப்பது. சில்லு நல்லதாய் அமைந்தால் கனக்க மிச்சம் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

படிகத்தைக் கழற்றி மாட்டியவர்கள்

1984இல் ஐபிஎம் கொம்பனி பிசி ஏடி என்ற கணினியை வெளியிட்டது. அதன் 80286 புரோசெசர் 6 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. துடிப்பைக் கொடுத்தது 12 மெகாஹேர்ட்ஸ் படிகம் ஒன்று. அது சொக்கட்டில் செருகப்பட்டிருந்ததால் கழற்றுவது லேசு. ஆக்கள் அதைக் கழற்றிவிட்டு 16 அல்லது 18 மெகாஹேர்ட்ஸ் படிகத்தை மாட்டினார்கள். கணினி 8இலோ 9இலோ ஓடியது. சில ரூபாய்ச் சாமான், முழுக் கணினியும் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடியது.

ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. பிறகு வந்த பயோஸில் தொடங்கும்போதே வேகத்தை அளந்து பார்க்கும் சோதனையைச் சேர்த்தது. கூட இருந்தால் கணினி எழும்பாது. 1986இல் 8 மெகாஹேர்ட்ஸ் ஏடியை அதே கொம்பனியே விற்றது. ஆக்கள் கள்ளமாய் எடுத்த வேகத்தைக் கொம்பனி அடுத்த மாடலாக விற்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

300ஐ 450 ஆக்கிய காலம்

ஓவர்குளொக்கிங் ஒரு சின்னக் கூட்டத்தின் விளையாட்டாக இருந்தது போய், சாதாரண மாணவரும் செய்யும் விஷயமானது 1998இல். அந்த ஓகஸ்ட்டில் இன்டெல் இரண்டு புரோசெசர்களை வெளியிட்டது. ஒன்று 669 டொலர் பென்டியம் 2, வேகம் 450 மெகாஹேர்ட்ஸ். மற்றது 149 டொலர் செலரோன் 300ஏ, வேகம் 300.

செலரோனின் பெருக்கி 4.5. போர்ட் கொடுக்கும் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ், அதை 4.5ஆல் பெருக்கினால் 300. போர்ட்டின் துடிப்பை 100 ஆக்கினால் 450. பெரும்பாலான செலரோன் 300ஏக்கள் அந்த வேகத்தைத் தாங்கின. பென்டியம் 2இன் 512 கிலோபைட் கேஷ் தனிச் சில்லுகளில் அரைவேகத்தில் ஓடியது. செலரோனுக்கு 128 கிலோபைட்தான், ஆனால் அது புரோசெசருக்குள்ளேயே முழுவேகத்தில் ஓடியது. ஆகவே கனக்க வேலைகளில் 149 டொலர் சில்லு 669 டொலர் சில்லோடு தோளுக்குத் தோள் நின்றது.

அபிட் கொம்பனியின் பிஎச்6 போன்ற போர்ட்களில் பயோஸிலேயே துடிப்பை மாற்றலாம். மாற்ற விடாத போர்ட் வைத்திருந்தவர்கள் அட்டையின் பி21 என்ற தொடுமுனையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார்கள். அந்த முனையை வைத்துத்தான் 66ஆ 100ஆ என்று போர்ட் தீர்மானிக்கும். முனையை மறைத்தால் 100 என்று நம்பிவிடும்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. 100இல் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடிய சில்லு, அதைவிடக் குறைந்த 83இல் கோப்புகளைப் பழுதாக்கும். வேகம் குறைவு, பிழை கூட. இது எப்படி? போர்ட்டின் துடிப்பிலிருந்துதான் பிசிஐ பாதைக்கும் துடிப்பு போகிறது. அது 33 மெகாஹேர்ட்ஸில் ஓட வேண்டியது. 66ஐ இரண்டால் பிரித்தால் 33, 100ஐ மூன்றால் பிரித்தாலும் 33. ஆனால் 83இல் போர்ட் இரண்டால்தான் பிரித்தது, பிசிஐ 41.5க்கு ஏறியது. ஹார்ட் டிஸ்க் கட்டுப்பாட்டுச் சில்லு அந்தப் பாதையில்தான் இருந்தது. புரோசெசரில் ஒரு பழுதும் இல்லை, டிஸ்கில் எழுதுப்படும் கோப்புதான் கெட்டது.

ஒன்றைக் கூட்டினால் அதோடு சேர்ந்து எதெல்லாம் கூடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தத் தலைமுறை இதை விலை கொடுத்து அறிந்தது. 2011இல் வந்த இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலும் அடிப்படைத் துடிப்பு மற்றப் பாதைகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அதைச் சில மெகாஹேர்ட்ஸுக்கு மேல் அசைக்க முடியவில்லை. பெருக்கியைப் பூட்டாமல் விட்ட 'கே' மாடல்களைத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கணக்குக்காரர்கள் கொடுத்த தராசு

விண்டோஸ் எழும்பினால் போதும், கேம் அரை மணித்தியாலம் ஓடினால் போதும் என்றுதான் கனபேர் நினைத்தார்கள். அது போதாது என்று காட்டிய கருவி ஓவர்குளொக் உலகத்திலிருந்து வரவில்லை. 1996இல் ஜோர்ஜ் வோல்ட்மன் என்பவர் மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டுமுயற்சி ஒன்றைத் தொடங்கினார். உலகம் முழுக்கத் தொண்டர்கள் தங்கள் கணினியின் சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுத்தார்கள். ஓர் எண்ணைச் சோதிக்க வாரக்கணக்கு, மாதக்கணக்கு எடுக்கும். நடுவில் ஒரே ஒரு இலக்கம் பிழைத்தால் முழு உழைப்பும் குப்பை. ஆகவே அந்தத் தேடலுக்கான பிரைம்95 மென்பொருளில் கணினியை வதைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றைச் சேர்த்தார்கள்.

அது வேலை செய்யும் முறை எங்களுக்கு நன்றாகப் பிடித்தது. மென்பொருள் தசமக் கணக்காகச் செய்தாலும் ஒவ்வொரு படியிலும் வரும் விடை முழு எண்ணுக்குக் கிட்ட இருக்க வேண்டும். கூடத் தள்ளிப் போனால் கணினி எங்கேயோ பிழை விட்டிருக்கிறது என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். முடிவில், சரியென்று ஏற்கனவே தெரிந்த விடையோடும் ஒப்பிடும். தன் பிழையைத் தானே அறியாத இயந்திரத்துக்கு வெளியிலிருந்து பிடித்த கண்ணாடி இது. நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86, பை எண்ணை இலட்சக்கணக்கான இலக்கங்களுக்குக் கணிக்கும் சூப்பர் பை என்று மற்றக் கருவிகளும் ஓவர்குளொக் செய்பவர்களின் கைக்கு வந்தன.

2016 ஜனவரியில் இது வேறொரு விதமாகவும் உதவியது. பிரைம்95இல் குறிப்பிட்ட ஒரு கணக்கைக் கொடுத்தால் இன்டெல்லின் ஸ்கைலேக் புரோசெசர்கள் உறைந்து நின்றன. ஓவர்குளொக் செய்யாத கணினிகளிலும் அதேதான். பழுது சில்லிலேயே இருக்கிறது என்று இன்டெல் ஒத்துக்கொண்டு பயோஸ் மூலம் திருத்தியது.

கொம்பனியே ஓவர்குளொக் செய்தபோது

2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஏஎம்டி 1 கிகாஹேர்ட்ஸ் அத்லோனை வெளியிட்டது. இரண்டே நாளில் இன்டெல்லும் 1 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3ஐ அறிவித்தது. போட்டி அப்படிச் சூடாய் இருந்தது. யூலை 31ஆம் திகதி இன்டெல் 1.13 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3ஐக் கொண்டுவந்தது.

அதைச் சோதித்த டொம் பாப்ஸ்ட் என்ற விமர்சகரின் கணினி லினக்ஸ் கேர்னலைத் தொகுக்கும்போது நின்று போனது. மென்பொருளை மாற்றினார், போர்ட்டை மாற்றினார், பிழை போகவில்லை. வேறு விமர்சகர்களும் தங்கள் சில்லுகளில் அதே பிழையைக் கண்டார்கள். ஓகஸ்ட் 28ஆம் திகதி இன்டெல் அந்தப் புரோசெசரைத் திருப்பி அழைத்தது.

கேர்னல் தொகுப்பது ஏன் காட்டிக்கொடுத்தது? அது நெடுநேரம் புரோசெசரையும் நினைவகத்தையும் விடாமல் வேலை வாங்கும். ஒரு பிட் பிழைத்தாலும் தொகுப்பி முறைப்பாடு செய்யும். கேம் விளையாடும்போது ஒரு புள்ளியின் நிறம் மாறிப் போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒரு வேலையில் நிலையாக நிற்பது இன்னொன்றிலும் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பூச்சியமாக்கத் தெரியாத கணினி

எங்கட கதைக்கு மிகக் கிட்டின கதை 2005இல் வந்தது. மைக்ரோசொஃப்டில் வேலை செய்யும் ரேமன்ட் சென், பயனர்களின் கணினிகளிலிருந்து வரும் விபத்து அறிக்கைகள் பற்றி எழுதினார். சில அறிக்கைகளின்படி கணினி விழுந்த இடம், புரோசெசருக்குள் இருக்கும் ஒரு பதிவேட்டைப் பூச்சியமாக்கு என்று சொல்லும் கட்டளை. அந்தக் கட்டளை நினைவகத்தைத் தொடாது, டிஸ்கைத் தொடாது. அது தோற்பதற்கு வழியே கிடையாது. அப்படி விழுந்த கணினிகளின் சொந்தக்காரர்களைத் தொடர்பு கொண்டு கேட்டபோது ஓவர்குளொக்கிங் வெளிப்பட்டது. அவர்களில் சிலருக்கு அந்தச் சொல்லே தெரியாது. சின்னக் கடைகளில் வாங்கியவர்கள். கடையில் வேகத்தைக் கூட்டி, கூடிய வேகக் கணினி என்று விற்றிருக்கிறார்கள்.

2011இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10 இலட்சம் கணினிகளின் தரவை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓவர்குளொக் செய்த கணினிகள் கூட விழுந்தன, வேகத்தைக் குறைத்து வைத்தவை குறைய விழுந்தன. வன்பொருள் பிழையால் ஒருமுறை விழுந்த கணினி திரும்பவும் விழும் வாய்ப்பு மிகக் கூடியிருந்தது. எப்போதாவது ஒருநாள் வந்த எங்கட நீலத்திரை அப்படி ஒரு எச்சரிக்கைதான். நாங்கள் அதை றீஸ்டார்ட் பட்டனால் பதில் சொல்லி அனுப்பிவிட்டோம்.

இடைவெளி முடிந்தபோது

இன்றைக்கு அந்த மிச்ச இடைவெளியைக் கொம்பனிகளே டர்போ என்ற பெயரில் விற்கின்றன. 2023இல் வந்த இன்டெல் ஐ9 14900கே பெட்டியைத் திறந்தபடியே 6 கிகாஹேர்ட்ஸ் வரை போகும். போர்ட் கொம்பனிகளோ போட்டிக்காக, இன்டெல் சொன்ன வலு எல்லைகளைத் தாண்டிய அமைப்புகளையே வழமையாக வைத்து அனுப்பின.

13ஆம், 14ஆம் தலைமுறைப் புரோசெசர் வைத்திருந்தவர்களின் கேம்கள் விழுவது 2024இல் பெரிய பேச்சானது. வீடியோ நினைவகம் போதாது என்று செய்தி வந்தது. நினைவகம் தாராளமாய் இருந்தது. உண்மையில், கேம் தன் தரவைப் பொதியிலிருந்து பிரிக்கும்போது புரோசெசர் கணக்கைப் பிழைவிட்டது. கிராஃபிக்ஸ் கார்ட்டைத் திட்டியவர்கள் கனபேர். அதே வருடம் இன்டெல் காரணத்தைச் சொன்னது: சில்லுக்குள் இருக்கும் மைக்ரோகோட் தேவைக்கு மிஞ்சிய வோல்ட்டேஜைக் கேட்டிருக்கிறது. கூடிய வோல்ட்டேஜும் வெப்பமும் துடிப்பைப் பகிரும் சுற்றைத் தேய்த்திருக்கின்றன. மைக்ரோகோட்டைத் திருத்தினார்கள், உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏற்கனவே தேய்ந்த சில்லுக்கு அந்தத் திருத்தம் மருந்தாகாது.

நாங்கள் என்ன செய்தோம்

இந்த வரலாறு முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது ஒரே ஒழுங்குதான், அதையே நாங்களும் பின்பற்றினோம்.

முதலில் பயோஸில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நினைவகத்தின் எக்ஸ்எம்பி அமைப்பையும் நிறுத்துங்கள், அதுவும் ஒரு வகை ஓவர்குளொக்தான். அதுக்குப் பிறகும் பிழை வந்தால் சிக்கல் பவர் சப்ளையிலோ, ரேமிலோ, டிஸ்கிலோ இருக்கலாம். இரண்டாவது, ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட். அதில் ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். மூன்றாவது, பிரைம்95. சிறிய அளவுச் சோதனை புரோசெசரையும் அதன் வோல்ட்டேஜையும் பார்க்கும், பெரிய அளவு நினைவகத்தையும் சேர்த்துப் பார்க்கும். ஓடும்போது வெப்பநிலையில் ஒரு கண் இருக்கட்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் வன்பொருள் பிழைகள் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். விழாமல் சமாளித்த பிழைகளும் அங்கே இருக்கும். வேகம் கூட்டத்தான் வேண்டுமென்றால் ஒருதரம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாய் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பழைய நிலைக்குக் கொண்டுவர முதல், என்ன நடக்குது பார்ப்பம் என்று 4.7இலேயே ஒருதரம் பிரைம்95ஐ ஓட விட்டோம். 11 நிமிடத்தில் ஒரு கோர் பிழை காட்டி நின்றது. வெப்பநிலை 97 பாகை. கழற்றிப் பார்த்தால் புரோசெசருக்கும் விசிறிக்கும் இடையிலான பசை காய்ந்து பொருக்காய்க் கிடந்தது. முந்தின சொந்தக்காரரின் அறையில் ஏசி இருந்திருக்கலாம், அவருக்கு அது நிலையாகவே ஓடியிருக்கலாம். எங்கட அறையில் தகரக் கூரையும் ஒரு மேசை விசிறியும்தான். தூசு தட்டி, புதுப் பசை பூசி, பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தோம். 12 மணித்தியாலம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. வேகம் குறைந்ததை எங்களில் ஒருவரும் உணரவில்லை.

பிறகு வெட்கத்தோடு அந்த ஐயாவிடம் திரும்பப் போனோம். நடந்ததைச் சொன்னோம். சிரித்தார்.

"பிள்ளையள், நாங்கள் ஆயிரம் கொப்பி அடிக்க முதல் ஒரு புரூஃப் எடுத்து வாசிப்பம். வாசிச்ச பிறகுதான் மிசினை ஓட விடுறது. நீங்கள் எடுத்துப் பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை, ஐயா. இப்போது பார்க்கிறோம். பொதி செய்த கோப்பைத் திறந்து சோதிக்காமல் மூலத்தை அழிப்பதில்லை, இரண்டு இடத்தில் பிரதி வைக்கிறோம்.

அவர் திரும்பவும் இரண்டு மணித்தியாலம் கதைத்தார். புதிதாகச் சில விஷயங்கள் வந்தன. ஆனால் முதல் தடவை, ஒரு மணி 12 நிமிடத்துக்குப் பிறகு எங்கேயோ, அச்சுக்கூடத்தில் தான் முதல்முதல் கோத்த வரியைப் பற்றிச் சொன்னது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த வரி என்ன என்று ஒருவருக்கும் நினைவில்லை. இந்த முறை கேட்டபோது அவருக்கும் வரவில்லை.